முன்னாள் வட்டு

தரவு மையத்தின் மொழியாக்கக் குழு அவருடைய பதவிக்குக் 'கிடங்கு நிர்வாகி' என்று பெயர் மாற்றியது. அந்த வாரத்திலேயே ஆட்கள் அவரிடம் துடைப்பம் கேட்டு வரத் தொடங்கினார்கள்.

அவர் கணினிகளின் சேமிப்பு வட்டுகளைப் பார்த்துக்கொள்கிறவர். துடைப்பத்துக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் நம்பி வந்தவரிடம் இல்லை என்று சொல்ல வாய் வராத மனிதர். ஒரு பெட்டி பேனா வாங்கி மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டார். "துடைப்பம் இல்லைங்க. பேனா இருக்கு, எடுத்துக்கோங்க" என்பார். துடைப்பம் கேட்டு வந்தவர்கள் பேனாவோடு திரும்பிப் போனார்கள். ஒருவரும் குறை சொல்லவில்லை. அந்த அலுவலகத்தில் கேட்டது கிடைக்கும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஏதோ ஒன்று கிடைத்ததே அவர்களுக்கு ஆச்சரியமாக இருந்தது. நாளடைவில் அவருக்குக் கிடங்கு என்றே பெயர் நிலைத்துவிட்டது.

நகரத்து மருத்துவமனைகளில் யார் சேர்ந்தார்கள், யார் பிறந்தார்கள், யார் வீட்டுக்குப் போனார்கள் என்ற விவரமெல்லாம் அவருடைய குளிர் அறையில் ஆறு வட்டுகளில் இருந்தது. ஆறும் சேர்ந்து ஒரு குழு. வருவதை ஆறும் பகிர்ந்துகொள்ளும். இடம் குறைந்து வந்தால் புதிய வட்டு ஒன்றைச் சொருகி, 'சேர்' என்று ஒரு கட்டளை கொடுத்தால் போதும். பழைய வட்டுகள் தங்களிடம் இருப்பதில் ஆளுக்குக் கொஞ்சம் புதியதற்குக் கொடுக்கும். எல்லோருடைய சுமையும் குறையும். இதற்காக எந்த வட்டும் எந்த வட்டிடமும் கையெழுத்து வாங்குவதில்லை. கிடங்குக்கு அந்த வேலை பிடித்துப்போனதற்கு அதுவே காரணம்.

திரையில் வரும் அயல்மொழிச் சொற்களை எல்லாம் நம் மொழியில் ஆக்கிவிட வேண்டும் என்பது இயக்குநரின் கனவு. மொழியாக்கக் குழுவில் இருந்தவர்கள் நல்லவர்கள். கனமான அகராதிகள் வைத்திருந்தார்கள். வட்டைத்தான் பார்த்ததில்லை.

ஒரே தகவலின் இரண்டு பிரதிகளும் ஒரே இடத்தில் இருந்துவிடக் கூடாது என்பதற்காக வட்டுகளை இரண்டு பிரிவாக வைப்பது வழக்கம். ஒரு பிரிவு பழுதானாலும் மற்றது தாங்கும். அந்தப் பிரிவுகளுக்குத் 'தோல்விக் குழு' என்று பெயர் வைத்தார்கள். தன்னுடைய துறையின் தகவல் தோல்விக் குழுவில் கிடப்பதை ஒரு துறைத் தலைவரும் ஒப்புக்கொள்ளவில்லை. உடனே அது 'வெற்றிக் குழு' என்று திருத்தப்பட்டது. 'ஒரு வெற்றிக் குழு விழுந்துவிட்டால் மற்றொரு வெற்றிக் குழு தாங்கிக்கொள்ளும்' என்று சுற்றறிக்கை போனது. எல்லோரும் நிம்மதி அடைந்தார்கள்.

வட்டுகள் சுமையைப் பகிர்ந்துகொள்ளும் வேகத்தைக் குறிக்கும் சொல்லை 'அதிகாரம்' என்று ஆக்கினார்கள். அதை ஒன்றிலிருந்து பதினொன்று வரை வைக்கலாம். தன்னுடைய எண் என்ன என்று இயக்குநர் கேட்டார்.

"உங்களுக்கு எண்ணே கிடையாதுங்க, ஐயா" என்று கிடங்கு உண்மையைச் சொன்னார்.

இயக்குநர் வெகுநேரம் மகிழ்ச்சியாக இருந்தார். பிறகு, வட்டு அறையில் ஒன்றுக்கு மேல் அதிகாரத்தை யாரும் பயன்படுத்தக் கூடாது என்று உத்தரவு போட்டார்.

'சேர்' என்ற கட்டளை 'நியமனம்' ஆயிற்று. நியமனம் என்றால் அது ஆள்சேர்ப்புப் பிரிவின் வேலை. அதனால் அந்தக் கட்டளைக்கான கடவுச்சொல் கிடங்கிடமிருந்து எடுக்கப்பட்டு ஆள்சேர்ப்பு அலுவலரிடம் போயிற்று. ஆள்சேர்ப்பு அலுவலர் ஒல்லியான மனிதர். தன் பிரிவில் காலியாக இருந்த இரண்டு பதவிகளின் வேலையையும் அவரே பார்த்துவந்தார். அந்த இரண்டு பதவிகளுக்கு ஆள் சேர்க்க அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. அவரும் ஒருநாள் கிடங்கிடம் துடைப்பம் கேட்டு வந்து பேனாவோடு போனவர்தான்.

இயக்குநர் மாதம் ஒருமுறை வட்டு அறையைப் பார்வையிடுவார். அது குளிரூட்டிய அறை என்பதால் வெயில் காலத்தில் வாரம் ஒருமுறை வருவார். அப்படி வந்த ஒருநாள் திரையில் இருந்த ஒரு வரி அவர் கண்ணில் பட்டது. 'வட்டு 7: வேட்பாளர்.'

"யாரு இந்த வேட்பாளர்?" என்றார்.

"வட்டுங்க, ஐயா. புதுசு. இன்னும் குழுவுல சேர்க்கலை. சேர்க்கத் தயாரா இருக்குன்னு அதுக்கு அர்த்தம்."

"தயாரா இருந்தா போதுமா? என் அக்கா பையன்கூடத்தான் ரொம்ப வருஷமா தயாரா இருக்கான்."

கிடங்கு விளக்கப் பார்த்தார். குழுவில் இடம் குறைந்துகொண்டே வருகிறது, நிரம்பிவிட்டால் மருத்துவமனைகளில் ஒரு எழுத்துகூடப் பதிய முடியாது, பதியாமல் ஒரு நோயாளியையும் வீட்டுக்கு அனுப்ப முடியாது என்றார். இயக்குநர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அங்கேயே, வட்டுகளையும் கிடங்கையும் பார்த்து ஒரு சிற்றுரை ஆற்றினார்.

"இந்த நிறுவனத்தில் என் கையெழுத்து இல்லாமல் எதுவும் சுழன்றதில்லை. கையெழுத்துக்காகக் காத்திருந்து நின்றுபோனவை உண்டு. அவற்றைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் வந்ததில்லை. புகார்களிலும் நான் கையெழுத்திட வேண்டும். வேட்பாளர் என்று ஒருவர் வந்துவிட்டால், அவர் மனிதரோ தகரமோ, விதிப்படித் தேர்வு நடக்கும். எனக்குப் பாகுபாடு கிடையாது."

விதிப்படி ஒரு பதவிக்கு மூன்று வேட்பாளராவது வேண்டும். பதவியின் தகுதிகளை எழுதிக் கொடுக்கும்படி ஆள்சேர்ப்பு அலுவலர் கேட்டார். பொய் எழுத வராததால் கிடங்கு உள்ளதையே எழுதினார். அது மறுநாள் வாசலில் ஒட்டப்பட்டது: 'வட்டு - ஒரு பணியிடம். கொடுப்பதை நினைவில் வைத்திருக்க வேண்டும். கேட்டபோது மாற்றாமல் திருப்பித் தர வேண்டும். ஓய்வில்லாமல் சுழல வேண்டும். சூடாகக் கூடாது.'

கூட்டம் தெருமுனை வரை நின்றது. படித்த பிள்ளைகள், படிப்பை முடித்து நெடுநாள் ஆனவர்கள், கைக்குழந்தையோடு ஒரு பெண், பதவியின் பெயரைப் படிக்காமலே வரிசையில் வந்து நின்றவர்கள். வட்டு என்றால் என்ன வேலை என்று ஒருவரும் கேட்கவில்லை. கிடங்கு அந்த வழியாகப் போகும்போது தலையைக் குனிந்துகொண்டு போனார். வெயில் ஏறியதும் குடிக்கத் தண்ணீர் கொண்டுபோய் வைத்தார். அதற்குள் பேனா கேட்டு இரண்டு பேர் வந்துவிட்டார்கள்.

இதற்கிடையில் அவருடைய தங்கைக்குப் பிரசவ வலி கண்டது. அவள் கணவன் தொலைதூரச் சரக்கு லாரி ஓட்டுகிறவன், ஊரில் இல்லை. கிடங்கும் அவர் மனைவியும்தான் அவளைக் கொண்டுபோய்ப் பிள்ளைப்பேற்று மருத்துவமனையில் சேர்த்தார்கள். தங்கையின் மூத்த பெண், பேச்சு இன்னும் திருந்தாத சின்னக் குழந்தை, மாமா வீட்டில் விடப்பட்டாள். அம்மா தம்பிப் பாப்பாவைக் கடையில் வாங்கப் போயிருக்கிறாள் என்று அத்தை சொல்லிவைத்திருந்தாள். கடை எப்போது மூடுவார்கள் என்று அந்தப் பெண் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

நேர்முகத் தேர்வு நடந்தது. தன் அக்கா மகனும் வேட்பாளர் என்பதால், நடுநிலை கருதி, இயக்குநர் தேர்வுக் குழுவில் உட்காரவில்லை. தேர்வுக் குழுவுக்குப் பின்னால் உட்கார்ந்தார்.

முதலில் மருத்துவச் சோதனை. அலுவலக மருத்துவர் ஒவ்வொருவர் வாயிலும் வெப்பமானியை வைத்தார். ஆள்சேர்ப்பு அலுவலர் எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்க வேண்டியிருந்தது. அது மேலிருந்து வந்த கேள்வி. "இவ்வளவு காலமா ஏன் வேலை கிடைக்கலை?" பெரும்பாலானவர்கள் சூடானார்கள். அவர்கள் நீக்கப்பட்டார்கள். நிறையப் படித்த ஒருவர் சூடாகவில்லை, அழுதார். ஈரம் வட்டுக்கு ஆகாது என்று அவரும் நீக்கப்பட்டார்.

ஏழாவது வட்டின் முறை வந்தது. கிடங்கு அதைக் கழற்றி, மெல்லிய துணியில் சுற்றி எடுத்துவந்து நாற்காலியில் வைத்தார்.

"உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்றார் குழுவின் தலைவர்.

வட்டு பேசவில்லை. ஆள்சேர்ப்பு அலுவலர் 'அடக்கம்' என்று குறித்துக்கொண்டார். மருத்துவர் காதில் கருவியை மாட்டிக்கொண்டு அதைச் சோதித்துவிட்டு, நாடித்துடிப்பு இல்லை, ஆனால் வேட்பாளர் உடல்நலம் பற்றிக் குறை எதுவும் சொல்லவில்லை என்று எழுதினார். இத்தனை காலம் ஏன் வேலை கிடைக்கவில்லை என்ற கேள்விக்கும் அது சூடாகவில்லை.

"இவருக்குப் பதிலா நீங்களாவது சொல்லுங்க" என்று ஆள்சேர்ப்பு அலுவலர் கிடங்கைப் பார்த்தார். "இவரைச் சேர்த்தா என்ன ஆகும்?"

"ஒண்ணும் பெருசா ஆகாதுங்க. ஏற்கெனவே இருக்கறவங்க சுமையில ஆளுக்குக் கொஞ்சம் வாங்கிக்கும். அவ்வளவுதான்."

"நாங்க கேக்கணுமா?"

"கேக்க வேண்டாங்க. வந்ததும் அதுவா வாங்கிக்கும்."

மூன்று ஆளின் வேலையைப் பார்க்கும் ஆள்சேர்ப்பு அலுவலர் சற்று நேரம் அந்த வட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சூடாகாமைக்கு அதற்கு முழு மதிப்பெண் போட்டார். போட்ட பேனா கிடங்கு கொடுத்தது.

கடைசியாக இயக்குநரின் அக்கா மகன் வந்தான். நினைவாற்றலைச் சோதிக்கும் கேள்வி அவனுக்குப் பின்வரிசையிலிருந்து வந்தது. மாமாவின் பிறந்த நாள் என்ன என்று கேட்டார்கள். சரியாகச் சொன்னான்.

அவன் முதலிடத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டான். வட்டுக்கு இரண்டாமிடம், அது காத்திருப்போர் வரிசையில் வைக்கப்பட்டது. கிடங்கு அதைத் துணியில் சுற்றித் தன் இழுப்பறையில், பேனாக்களுக்குப் பக்கத்தில் வைத்தார்.

இயக்குநர் தன் அக்கா மகனை மாப்பிள்ளை என்று கூப்பிடுவார். அதைக் கேட்டு அலுவலகம் முழுவதும், வாசல் காவலர் உட்பட, அவனை மாப்பிள்ளை என்றே கூப்பிட்டது. கல்யாணம் ஆகாதவன். கூச்ச சுபாவம். வேலையில் சேர்ந்த முதல் நாள் கிடங்கிடம் வந்து நின்றான்.

"நான் என்ன செய்யணும், அண்ணா?"

கிடங்கு யோசித்தார். "குடுக்கறதை வச்சுக்கணும். கேக்கும்போது குடுக்கணும்."

"யார் குடுப்பாங்க?"

"அதுதான் தெரியலை, தம்பி."

விதிப்படி ஒரு வட்டு சேர்ந்ததும் குழு 'ஏற்றப்பட' வேண்டும், அதாவது இயக்கத்துக்குக் கொண்டுவரப்பட வேண்டும். அந்தச் சடங்குக்கு மாப்பிள்ளையை வட்டு அறைக்கு அழைத்துப்போய் ஒரு முக்காலியின் மேல் ஏற்றினார்கள். துறைத் தலைவர்கள் கைதட்டினார்கள். இளைய தலைமுறை இப்படித்தான் மேலே ஏற வேண்டும் என்று இயக்குநர் பேசினார். பேசி முடித்து எல்லோரும் போய்விட்டார்கள். இறங்கச் சொல்லி யாரும் உத்தரவு தராததால் மாப்பிள்ளை முக்காலி மேலேயே நின்றுகொண்டிருந்தான். கிடங்குதான் கைகொடுத்து இறக்கிவிட்டார்.

குழு அந்த வாரம் நிரம்பியது.

மருத்துவமனையில் எதுவும் பதியவில்லை. பிள்ளை பெற்றவர்கள் வீட்டுக்குப் போக வேண்டுமானால் கணினி அச்சடித்த சீட்டைக் காவலரிடம் காட்ட வேண்டும். கையால் எழுதிய சீட்டு செல்லாது. பச்சைக் குழந்தை கைமாறிப் போய்விடக் கூடாது என்று நல்ல எண்ணத்தில் போட்ட விதி அது. வலியோடு வருகிறவர்கள் வந்துகொண்டிருந்தார்கள். பிள்ளை பெற்றவர்கள் வெளியே போகவில்லை.

தங்கை தொலைபேசியில் கூப்பிட்டாள். ஆண் குழந்தை, சுகப்பிரசவம், மருத்துவர் போகலாம் என்று சொல்லிவிட்டார்.

"ஆனா விடமாட்டேங்கறாங்க, அண்ணா. ஏதோ நிறைஞ்சு போச்சாம். உன் ஆபீஸ்னு பேசிக்கறாங்க. நான் வாயே தொறக்கலை."

"ஒரு வட்டு சேர்க்கணும், அம்மா. சேர்த்தா சரியாயிடும்."

"அப்போ சேரு."

"அதுக்குப் பதிலா ஒரு ஆளைச் சேர்த்துட்டாங்க."

"என் கட்டில்ல இப்போ ரெண்டு பேரு. பாவம், அந்தப் பொண்ணுக்கு இடமே இல்லைன்னாங்க, நான்தான் நகர்ந்துக்கறேன்னு சொன்னேன். அவ பையனும் என் பையனும் சேர்ந்து அழுதா எது யாருதுன்னு தெரியலை. சின்னவ என்ன பண்றா? சாப்பிட்டாளா?"

கடை எப்போது மூடுவார்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று அவர் சொல்லவில்லை. சாப்பிட்டாள் என்று சொன்னார். அது பாதி உண்மை.

அவர் இயக்குநரிடம் போய் நின்றார். வட்டுதான் சேர்த்தாகிவிட்டதே, இன்னும் எப்படி நிரம்பியிருக்கும் என்று இயக்குநர் உண்மையாகவே வியந்தார். மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, "கொஞ்சம் இடம் குடுடா" என்றார். இனிப் பதிவாக வேண்டிய விவரங்களை மருத்துவமனை நேரடியாக மாப்பிள்ளையிடம் சொல்ல வேண்டும், அவன் நினைவில் வைத்துக்கொள்வான் என்று உத்தரவு போனது.

வேறு யாராவது என்றால் நாற்காலியில் உட்கார்ந்து தொலைபேசிக்குக் காத்திருப்பார்கள். மாப்பிள்ளைக்கு அது சரியாகப் படவில்லை. வாங்குகிற சம்பளத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று பேருந்து பிடித்து மருத்துவமனைக்கே போனான். கட்டில் கட்டிலாக நின்று, தான்தான் தரவு மையத்தின் வட்டு என்று சொல்லி, தாயின் பெயர், குழந்தை பிறந்த நேரம், எடை, இரத்த வகை எல்லாவற்றையும் கேட்டு மனத்தில் ஏற்றிக்கொண்டான். சிலர் சிரித்தார்கள். சிலர் அவனை வேறு வார்டுக்குப் போக வேண்டியவன் என்று நினைத்து இரக்கப்பட்டார்கள். கட்டில் ஓரத்தில் விழுந்துவிடுவதுபோலப் படுத்திருந்த ஒருத்தி மட்டும் அவனைக் கூர்ந்து பார்த்தாள். அவள் கிடங்கின் தங்கை.

"நீதானா அந்த ஆளு? சரி, எங்களை எல்லாம் ஞாபகம் வச்சுக்கற. நல்லதுதான். உன்னால ஒரு சீட்டு அச்சடிக்க முடியுமா, தம்பி?"

முடியாது என்றான்.

"போகும்போது நடைபாதையைப் பாத்துட்டுப் போ" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

நடைபாதையில் ஒரு பெண் விரித்த போர்வையில் தரையில் கிடந்தாள். வலி வரும்போது பக்கத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அவள் பெயரையும் அவன் கேட்டான். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். குழந்தையைப் பற்றிய விவரங்களைப் பிறகு தருவதாகவும் சொன்னாள்.

அவன் அலுவலகத்துக்குத் திரும்பி வந்தபோது கிடங்கு திரையின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார். அந்த அறையில் அவர் செய்யக்கூடிய வேலை எதுவும் மிச்சமில்லை. மாப்பிள்ளை முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"அந்த நிஜ வட்டு எங்க, அண்ணா?"

கிடங்கு இழுப்பறையைத் திறந்து காட்டினார்.

"நான் போனா இது வருமா?"

"காத்திருப்போர் வரிசையில இது ஒண்ணுதான் இருக்கு. நீ விலகினா தானா இதுக்குத்தான் வரும். விதி அப்படி."

"மறுபடி தேர்வு, கிர்வுன்னு..."

"கிடையாது."

மாப்பிள்ளை கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். "எனக்கு முதல் வேலை இது. அம்மா ஆர்டரைக் கொண்டுபோய் சாமிகிட்ட வச்சிருக்காங்க. இன்னும் எடுக்கலை."

கிடங்குக்குத் தங்கையின் முகம் நினைவு வந்தது. கடை எப்போது மூடும் என்ற கேள்வி நினைவு வந்தது. 'போய்விடு' என்ற ஒரு சொல் அவர் நாக்கு நுனியில் நின்றது. அதைச் சொல்லாமல் இருக்கக் கடவுள்தான் உதவ வேண்டும் என்று மனத்துக்குள் கேட்டுக்கொண்டார்.

"நான் போகச் சொல்லமாட்டேன், தம்பி" என்றார் கடைசியில். "இந்த வேலை உனக்கு எவ்வளவு முக்கியம்னு எனக்குத் தெரியாது."

"நீங்க சொல்லலை. ஆனா அங்க ஒருத்தங்க தரையில படுத்திருக்காங்க." அவன் எழுந்தான். "ஒரு பேனா குடுங்க."

ராஜினாமாவை ஆள்சேர்ப்பு அலுவலர் படித்தார். வேலை கேட்டு வருகிற தாளைத்தான் அவர் பார்த்திருக்கிறார். இதை இரண்டு முறை படித்தார். பிறகு வட்டுகளுக்கான விதிகளைப் புரட்டி, ஒரு சிக்கல் இருப்பதாகச் சொன்னார். குழுவை விட்டு விலகும் வட்டு தன்னிடம் உள்ளதையெல்லாம் ஒப்படைத்த பிறகே விலக முடியும். அதற்கு முன் கழற்றினால் தகவல் போய்விடும்.

"சரிங்க" என்றான் மாப்பிள்ளை. கண்ணை மூடிக்கொண்டு ஒப்படைக்கத் தொடங்கினான்.

முதல் கட்டிலிலிருந்து ஆரம்பித்தான். பெயர், நேரம், எடை, இரத்த வகை. ஆள்சேர்ப்பு அலுவலரும் கிடங்கும் ஆளுக்கு ஒரு பக்கம் உட்கார்ந்து எழுதினார்கள். ஒரு இடத்தில்கூட அவன் தடுமாறவில்லை. ஒரு தாய் பயந்திருந்தாள் என்றும், ஒரு குழந்தைக்கு இடது காது கொஞ்சம் மடங்கியிருந்தது என்றும், கேட்காத விவரங்களையும் சொன்னான். ஆள்சேர்ப்பு அலுவலர் அவற்றையும் எழுதினார். கடைசியாக நடைபாதைப் பெண்ணின் பெயரைச் சொன்னான். குழந்தை விவரம் பிறகு வரும் என்றான்.

"இப்போ எங்கிட்ட ஒண்ணும் இல்லை" என்று கண்ணைத் திறந்தான்.

இயக்குநரிடம் செய்தி போனது. அவர் வட்டு அறைக்கே வந்துவிட்டார். கோபத்தைவிட வருத்தம்தான் அதிகமாக இருந்தது.

"எங்க குடும்பத்துல யாரும் வேலையை விட்டது கிடையாது" என்றார் எல்லோரையும் பொதுவாகப் பார்த்து. "செய்யறதுக்கு ஒரு வேலையும் இல்லாத வேலையா, தேடித் தேடி, விதியை வளைச்சு வாங்கிக் குடுத்தேன். அதையும் விட்டுட்டான். இதைவிடச் சுலபமா இன்னொரு வேலைக்கு நான் எங்க போவேன்? என்னோடது ஒண்ணுதான் இருக்கு."

பிறகு அக்கா மகன் பக்கம் திரும்பினார்.

"ஏண்டா, மாப்பிள்ளை?"

"தரையில படுக்க வச்சிருக்காங்க, மாமா."

"யாரை?"

மாப்பிள்ளை அந்தப் பெண்ணின் பெயரைச் சொன்னான். இயக்குநருக்கு அந்தப் பெயரைத் தெரியாது. கையெழுத்திட்ட எத்தனையோ தாள்களில் ஒன்றில்கூட அவர் அதைப் பார்த்ததில்லை. பேனாவைத் தேடினார், சட்டைப் பையில் இல்லை. கிடங்கு ஒன்றை நீட்டினார். இயக்குநர் ராஜினாமாவில் கையெழுத்திட்டுவிட்டு, "அக்காகிட்ட நானே சொல்லிக்கறேன். நீ ஒண்ணும் பேசாத" என்றார்.

காத்திருப்போர் வரிசையில் முதலும் கடைசியுமாக இருந்த ஏழாவது வட்டுக்கு நியமனம் வந்தது. கிடங்கு அதைத் துணியிலிருந்து பிரித்துச் சொருகினார். ஆள்சேர்ப்பு அலுவலர் கடவுச்சொல்லை அடித்தார். திரையில் 'வேட்பாளர்' என்ற சொல் போய் 'உறுப்பினர்' என்று வந்தது. பகிர்வு தொடங்கும் முன் திரை ஒரு கேள்வி கேட்டது. அதிகாரம் எவ்வளவு?

கிடங்கு இயக்குநரைத் திரும்பிப் பார்த்தார்.

"எவ்வளவு இருக்கோ அவ்வளவும் வச்சுக்க" என்று சொல்லிவிட்டு இயக்குநர் வெளியே போனார். வெயிலுக்குள் அவராக நடந்து போனதை அன்றுதான் பார்த்தார்கள்.

ஆறு வட்டுகளும் தங்களிடமிருந்ததில் ஆளுக்குக் கொஞ்சம் ஏழாவதற்குக் கொடுத்தன. மாப்பிள்ளை ஒப்படைத்ததை எல்லாம் உட்கார்ந்து ஏற்றினார்கள். ஒரு திருத்தமும் தேவைப்படவில்லை. மடங்கிய காதுக்கு மட்டும் கணினியில் இடம் இல்லை.

மறுநாள் காலை கிடங்கும் மாப்பிள்ளையும் மருத்துவமனை வாசலில் நின்றார்கள். மாப்பிள்ளைக்கு அங்கே வேலை எதுவும் இல்லை. வேறு எங்கேயும்கூட இல்லை. நடைபாதை காலியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவதாகச் சொல்லி வந்திருந்தான். பார்த்துவிட்டு வந்தான். அந்தப் பெண்ணுக்குக் கட்டில் கிடைத்துவிட்டது, பெண் குழந்தை என்றான். எடையையும் சொன்னான். பழக்கம் விடவில்லை.

"திரையில இப்போ என்னை என்னன்னு போட்டிருக்கும், அண்ணா?"

"குழுவுல இருந்து விலகின வட்டுக்கு 'முன்னாள்'னு வரும்." கிடங்கு கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்துச் சொன்னார். "அது கெட்ட பேர் இல்லை, தம்பி. பழுதான வட்டுக்கு அப்படிப் போடமாட்டாங்க. எல்லாத்தையும் சரியா ஒப்படைச்சுட்டுப் போன வட்டுக்குத்தான் போடுவாங்க. எந்தக் குழுவுல வேணும்னாலும் மறுபடி சேர்க்கலாம்."

தங்கை வெளியே வந்தாள். ஒரு கையில் குழந்தை, மறு கையில் அச்சடித்த சீட்டு. பின்னால் கிடங்கின் மனைவி மூத்தவளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மூத்தவள் தம்பிப் பாப்பாவை ஆராய்ந்துவிட்டு, இத்தனை நேரம் தேடி இதையா வாங்கினாய் என்பதுபோல அம்மாவைப் பார்த்தாள். கிடங்கு துணிப்பையை ஒரு தோளிலும் வாளியைக் கையிலும் போர்வை மூட்டையை மறு கையிலும் எடுத்துக்கொண்டார்.

தங்கைக்கு மாப்பிள்ளையை அடையாளம் தெரிந்தது. "அந்த வட்டுதானே இவரு, அண்ணா?" என்றாள்.

"முன்னாள் வட்டு" என்றார் கிடங்கு.

மாப்பிள்ளை வந்து, அவர் கையிலிருந்த மூட்டையை வாங்கிக்கொண்டு, முன்னால் நடந்தான்.